சீட்டியில் முடியும் பாட்டு

பாட்டு முடியப் போகிறது. பாடகர் பாடுவதை நிறுத்திவிட்டுச் சீட்டி அடிக்கிறார். எந்த அவசரமும் இல்லை. சில நொடிகளில் ஒலி தேய்ந்து போகிறது.

'தி டாக் ஆஃப் தி பே' என்ற அந்தப் பாட்டை ஓடிஸ் ரெடிங் மெம்ஃபிஸ் நகரில் பதிவு செய்தது 1967 நவம்பர் 22 அன்று. டிசம்பர் முதல் வாரத்தில் மேலும் கொஞ்சம் வேலை நடந்தது. டிசம்பர் 10 அன்று அவரும் அவருடைய வாத்தியக் குழுவினரும் ஏறிய சிறிய விமானம் விஸ்கான்சின் மாநிலத்தில் மொனோனா ஏரிக்குள் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 26.

கடைசிச் சில வரிகளுக்கு ஏதோ பேச்சுவாக்கில் சொல்ல நினைத்திருந்தார், என்ன என்பது மறந்துபோனதால் சீட்டி அடித்தார் என்று அவரோடு சேர்ந்து பாட்டை எழுதிய கிடார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர் சொல்லியிருக்கிறார். அது முழு உண்மையா, பின்னால் மெருகேறிய கதையா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தச் சீட்டியில் உடல் செய்யும் வேலைதான் என்னை வியக்க வைக்கிறது.

பேசும்போதும் பாடும்போதும் நுரையீரலிலிருந்து ஏறிவரும் காற்று, குரல்வளையில் எதிரெதிராக இருக்கும் இரண்டு சதை மடிப்புகளை அதிர வைக்கிறது. அவைதான் குரல் நாண்கள். சீட்டி அடிக்கும்போது அவற்றுக்கு வேலை கிடையாது. விலகி நின்று காற்றுக்கு வழிவிடுகின்றன. நாக்குக்கும் குவித்த உதடுகளுக்கும் நடுவே உள்ள காற்றுதான் ஒலிக்கிறது. நாக்கு முன்னே வந்தால் இடம் சுருங்கி ஸ்ருதி ஏறும், பின்னே போனால் இறங்கும். வெற்றுக் குடுவைகளை வைத்து ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19-ம் நூற்றாண்டில் விளக்கிய ஒத்ததிர்வு இதுதான். ஆகவே சீட்டியில் ஒருவருடைய குரல் இருக்காது. ஓடிஸின் சீட்டியை மட்டும் தனியே வெட்டிப் போட்டால், அவரது தீவிர ரசிகனுக்கும் அடையாளம் தெரியாமல் போகலாம்.

இத்தனைக்கும் ஒரே ஒரு எழுத்தைப் பாடினாலே இவர்தான் என்று தெரிந்துவிடும் தொண்டை அது. அந்தத் தொண்டையில் சில வாரங்களுக்கு முன்புதான் அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

பாடகர்களுக்கு வரும் தொழில்நோய்களில் ஒன்று குரல் நாண் பாலிப். ஆணின் குரல் நாண் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். சாதாரணப் பேச்சில் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இரண்டும் மோதிப் பிரிகின்றன. உச்சஸ்தாயியில் பாடும்போது அது முந்நூறு, நானூறு என்று போகும். ராத்திரிக்கு ராத்திரி கத்திப் பாடினால், மேல்தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்து அந்த இடம் வீங்கிக்கொள்ளும். வீக்கம் இருப்பதால் இரண்டு ஓரங்களும் சரியாகச் சேராது. இடைவெளியில் காற்று கசியும், குரல் கம்மும். 1967 இலையுதிர் காலத்தில் ஓடிஸுக்கு இதை வெட்டியெடுத்தார்கள். பல வாரங்கள் பேசவே கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. ஊரெல்லாம் கூட்டம் கூட்டி ஆடவைத்த மனிதர், ஜார்ஜியாவில் தன் பண்ணை வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்று அவருடைய மனைவி ஜெல்மா பின்னாளில் சொன்னார்.

வாய் திறக்க அனுமதி கிடைத்ததும் நேரே மெம்ஃபிஸுக்குப் போய், கிடைத்த நாளையெல்லாம் ஒலிப்பதிவில் செலவழித்தார். அவர் இறந்த பிறகு வெளியான பாட்டுகளில் பல அந்தச் சில வாரங்களில் பதிந்தவைதான். அவற்றில் குரல் கொஞ்சம் மாறியிருப்பது கேட்டாலே தெரியும். 'டாக்' பாட்டில் அவர் கத்தவே இல்லை. புதிதாக ஆறிய நாண்களைக் காப்பாற்றினாரா, அல்லது வேறு மாதிரி எழுத ஆசைப்பட்டாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்தைய ஓடிஸைக் கேட்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1941-ல் ஜார்ஜியா மாநிலம் டாஸனில் பிறந்து, மேக்கன் நகரில் வளர்ந்தவர். சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடினார். கிணறு வெட்டும் வேலையும் பார்த்திருக்கிறார். 1962-ல் இன்னொரு இசைக்கலைஞருக்குக் கார் ஓட்டிக்கொண்டு மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போனவருக்கு, அன்றைய வேலை முடிந்து மீந்த நேரத்தில் பாட வாய்ப்புக் கிடைத்தது. அப்போது பாடிய 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' அவரைப் பாடகராக்கிவிட்டது. அரீத்தா ஃபிராங்க்ளின் 1967-ல் பாடி உலகப் புகழ் அடைந்த 'ரெஸ்பெக்ட்', 1965-ல் இவர் எழுதிப் பாடிய பாட்டு. கறுப்பின மக்கள் தேவாலயத்தில் கடவுளை நோக்கிப் பாடிய விதத்தைக் காதலியை நோக்கித் திருப்பியது சோல் இசை. கட்டுக்கோப்பு குறைவு, உருக்கம் அதிகம், பாதியில் உடையும் குரல். ஓடிஸ் அதன் உச்சங்களில் ஒருவர்.

உடையும் குரலில் அப்படி என்ன இருக்கிறது? சுத்தமாகப் பாடும்போது இரண்டு நாண்களும் ஒழுங்காக, ஒரே லயத்தில் அதிர்கின்றன. அழுத்தம் கூடினால் அந்த ஒழுங்கு குலைகிறது. இரண்டு நாண்களும் வெவ்வேறு வேகத்தில் ஆடலாம். அவற்றுக்கு மேலே இருக்கும், பேச்சில் பொதுவாகச் சும்மா கிடக்கும் போலிக் குரல் மடிப்புகளும் சேர்ந்து அதிரலாம். அப்போது ஒலியின் உரப்பு நொடிக்குப் பல பத்து தடவை படபடவென்று ஏறி இறங்கும். காதுக்கு அது கரகரப்பு.

2015-ல் லுக் ஆர்னல், டேவிட் போபெல் முதலானோர் மனித அலறலை ஆராய்ந்தார்கள். உரப்பு நொடிக்கு 30 முதல் 150 தடவை ஏறி இறங்கும் கரகரப்பு சாதாரணப் பேச்சில் ஏறக்குறைய இல்லை. அலறலில் நிறைய இருக்கிறது. அபாயச் சங்குகளையும் அலாரங்களையும் செய்பவர்களும் அறிந்தோ அறியாமலோ இதே வீச்சைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த ஒலி காதில் விழுந்தால், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி மற்ற ஒலிகளைவிட அதிகமாக விழித்துக்கொள்கிறது. கைக்குழந்தையின் வீறிடலிலும் இது உண்டு. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது, ஓடு என்று உடலுக்குச் சொல்லும் ஒலி அது.

சோல் பாடகர் இந்த ஒலியை எடுத்து ஸ்ருதியும் தாளமும் பிசகாமல் பாட்டுக்குள் வைக்கிறார். அமிக்டலா திடுக்கிடுகிறது. ஆனால் பக்கத்திலேயே டிரம்ஸ் ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருக்கிறது, ஹார்ன் வாத்தியங்கள் தங்கள் இடத்தில் வந்து போகின்றன. ஆபத்து ஒன்றும் இல்லை. திடுக்கிடலும் நிம்மதியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஓடிஸைக் கேட்கும்போது என் நெஞ்சு அடைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் ஊகம். மீதிப் பாதியைக் காட்ட ஒரு பாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' 1932-ல் வந்த சாதுவான காதல் பாட்டு. 1966-ல் ஓடிஸ் அதை எடுத்தார். ஹார்ன் பகுதி ஸ்டாக்ஸ் கலைஞர் ஐசக் ஹேய்ஸின் யோசனை. முதலில் அந்த ஹார்ன்கள் மட்டும், ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, ஏதோ பிரார்த்தனைக்கு முன்னால் வருவது போன்ற சில நொடிகள். பிறகு அடங்கிய குரல். தாளம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிதானம். கொஞ்சம் கழித்து டிரம்ஸ் கலைஞர் ஆல் ஜாக்சன் டிரம்மின் விளிம்பில் குச்சியால் டிக், டிக் என்று தட்ட ஆரம்பிக்கிறார். பாட்டின் நடை மாறவில்லை. ஆனால் அந்தத் தட்டு பாட்டைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. அதைக் கேட்ட நிமிடமே ஏதோ வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. கிடார் நுழைகிறது, பியானோ கனக்கிறது, ஹார்ன்கள் படி ஏறுகின்றன, குரல் வார்த்தைகளை நறுக்கி நறுக்கி வீசுகிறது. ஆனாலும் வெடிப்பு வரவில்லை, இன்னும் வரவில்லை. கடைசியில் வரும்போது, முதல் நிமிடத்தில் கேட்ட பாட்டுதானா இது என்று ஆகிவிடும்.

அந்த "இன்னும் வரவில்லை"யில்தான் ரகசியம். 2011-ல் மான்ட்ரியாலில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் ஸடோரேயும் தங்கள் சகாக்களோடு ஒரு சோதனை செய்தார்கள். எந்த இசையைக் கேட்டால் தங்களுக்கு மயிர்க்கூச்செறியுமோ அந்த இசையைச் சோதனைக்கு வந்தவர்களே கொண்டுவரச் சொல்லி, ஸ்கேன் கருவியில் படுக்கவைத்துப் போட்டுக் காட்டினார்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது. உச்சம் வந்த நொடியில் அது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறிய பகுதியில் சுரந்தது. உச்சத்துக்கு முன்னால், காத்திருக்கும் நொடிகளில், காடேட் என்ற வேறொரு பகுதியில் சுரந்தது. வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புக்கு ஒரு சம்பளம், வந்துவிட்டது என்பதற்கு இன்னொரு சம்பளம். ஆல் ஜாக்சனின் குச்சி முதல் சம்பளத்தைத்தான் துளித்துளியாகக் கொடுக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனையில் கலந்துகொண்டவர்கள் சொற்பம். வார்த்தைகள் குறுக்கிடக் கூடாது என்று வாய்ப்பாட்டைத் தவிர்த்து வாத்திய இசையை மட்டுமே பயன்படுத்தினார்கள். சோல் பாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று எழுதிவைத்த ஆதாரம் அது அல்ல. எந்த இசையும் சிலிர்ப்புத் தராதவர்களும் இருக்கிறார்கள். பணம் கிடைத்தால் மகிழும் மூளை, பாட்டுக்கு மட்டும் அசையாது. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-ல் அப்படிப்பட்டவர்களை அடையாளம் கண்டார்கள். அவர்களிடம் ரசனை இல்லை என்று சண்டைக்குப் போவது வீண்.

மெம்ஃபிஸ் ஒலியைப் பற்றி ரசிகர்கள் சிலாகிக்கும் இன்னொரு விஷயத்தில் விஞ்ஞானம் அவ்வளவு சாதகமாக இல்லை. நாலு தட்டுத் தாளத்தில் இரண்டாம், நாலாம் தட்டுகளை ஸ்டாக்ஸ் கலைஞர்கள் ஒரு மயிரிழை தாமதமாகப் போடுவார்கள். 1965-ல் வில்சன் பிக்கெட் பாட்டுக்கான ஒலிப்பதிவில், அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் புதிதாக வந்த ஒரு நடனத்தை ஆடிக் காட்ட, அதைப் பார்த்து வந்த பழக்கம் இது என்பது வரலாறு. இந்த இழுப்புத்தான் உடம்பை ஆட்டுகிறது என்று நாங்கள் நம்புகிறோம். ஆனால் கணினியில் தட்டுகளை வேண்டுமென்றே அங்குமிங்கும் நகர்த்திக் கேட்கச் செய்த சில சோதனைகளில், நகர்த்த நகர்த்த ஆடும் ஆசை குறைந்ததே தவிரக் கூடவில்லை. நான் இன்னும் ஆல் ஜாக்சன் கட்சிதான். கணினி நகர்த்தும் தட்டும், நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்து தாமதிக்கும் தட்டும் ஒன்றா என்று கேட்க ரசிகனுக்கு உரிமை உண்டு.

ஸ்டாக்ஸில் வழக்கமாக வாசித்த அந்த நாலு பேரில் இரண்டு பேர் கறுப்பர், இரண்டு பேர் வெள்ளையர். 1960-களின் மெம்ஃபிஸில் அது சாதாரண விஷயம் அல்ல. அவர்கள் வாசித்த இடம் ஒரு பழைய சினிமாக் கொட்டகை. ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற தம்பியும் அக்காவும் அதை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டாலும், திரையை நோக்கிச் சரியும் தரையை மாற்றவில்லை. எதிரெதிர்ப் பரப்புகள் இணையாக இருக்கும் அறையில் ஒலி இரண்டுக்கும் நடுவே திரும்பத் திரும்ப மோதி, சில ஸ்வரங்களை மட்டும் பூதாகரமாக்கும். சரிந்த தரையில் அந்த மோதல் சிதறிப்போகும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஒரு நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கலைஞருக்கு டிரம்ஸ் நூறில் மூன்று பங்கு நொடி தாமதமாகத்தான் கேட்கும். அந்த இழுப்பில் கொட்டகைக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். சோதித்துப் பார்க்க வழியில்லை, கட்டடத்தை 1989-ல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது பழைய முகப்பைப் போலவே எழுப்பிய அருங்காட்சியகம்.

இனி விபத்துக்கு வரலாம். டிசம்பர் 9 அன்று கிளீவ்லண்டில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் இரவு மேடையிலும் பாடினார். மறுநாள் மேடிசன் நகரில் கச்சேரி. விமானத்தில் எட்டுப் பேர். பிழைத்தவர் ஒருவர்தான், அவருடைய வாத்தியக் குழுவான பார்-கேஸின் டிரம்பெட் கலைஞர் பென் காலி. இருக்கை மெத்தையைக் கட்டிக்கொண்டு உறைபனி நீரில் மிதந்தார். குழுவில் இறந்த நால்வரும் பையன்கள், பதின்பருவத்தைத் தாண்டியோ தாண்டாமலோ இருந்தவர்கள். ஓடிஸின் உடல் மறுநாள் ஏரியின் அடியிலிருந்து கிடைத்தது. டிசம்பர் 18 அன்று மேக்கன் நகர அரங்கில் இறுதிச் சடங்கு. 3,000 பேர் கொள்ளும் இடத்துக்கு 4,500 பேருக்கு மேல் வந்தார்கள்.

வந்தவர்களில் எத்தனை பேர் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள்? நானோ அவர் இறந்த பிறகு பிறந்தவன். என்னைப் போன்றவர்கள் டிசம்பர் 10 அன்று மனம் கனத்துப்போய் அவர் பாட்டை எடுத்துப் போட்டால், வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். யாரோ ஒருத்தருக்காக எதற்கு இந்தத் துக்கம்?

1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நடத்துபவர்களோடு நேயர்கள் கொள்ளும் உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிரில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது, நமக்கு மட்டும் அவரோடு பழகிய உணர்வு. இப்படி ஒருபக்கமாக ஓடும் உறவுக்கு அவர்கள் வைத்த பெயரும் இலக்கணமும் இன்றுவரை நிலைத்துவிட்டன. ஆரம்பத்தில் பலர் இதைத் தனிமையில் வாடுபவர்களின் குறை என்று பார்த்தார்கள். அது சரியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முகம் தெரியாத ஒருவரின் குரல் தினம் வீட்டுக்குள் ஒலிப்பது மனித வரலாற்றில் நூற்றைம்பது வருஷம்கூட ஆகாத சங்கதி. எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877-ல். அதற்கு முன் ஒரு குரலை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம் என்றால், அது வீட்டு மனிதரின் அல்லது ஊர்க்காரரின் குரலாகத்தான் இருந்திருக்கும். பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலைப் பிரித்தறியும் மூளை, மைக்குக்கு மிக அருகே நின்று பாடும் குரலையும் மூச்சு உள்ளிழுக்கும் சத்தத்தையும் கேட்டு என்ன முடிவுக்கு வரும்? இவர் நம்மவர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். முன்பின் தெரியாதவர்களுக்கென்று தனியாக ஒரு துக்க இயந்திரம் அதனிடம் இல்லை.

துக்கத்தின் இயந்திரம் எது என்பது பற்றியும் கொஞ்சம் தெரியும். அமெரிக்க உளவியலாளர் மேரி-ஃபிரான்சஸ் ஓ'கானர் 2008-ல், மார்பகப் புற்றுநோய்க்குத் தாயையோ சகோதரியையோ பறிகொடுத்த பெண்களை ஸ்கேன் செய்தார். இறந்தவரின் படத்தையும் அவரை நினைவூட்டும் வார்த்தைகளையும் காட்டியபோது, எல்லோருக்கும் வலி சம்பந்தப்பட்ட பகுதிகள் விழித்தன. துக்கத்திலிருந்து மீளவே முடியாமல் ஏங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு பகுதியும் விழித்தது. அது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்.

மான்ட்ரியாலில் பாட்டின் உச்சத்தில் டோபமைன் சுரந்த அதே இடம். இதைப் படித்த அன்று எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரே பகுதி இரண்டு சமயத்தில் விழிக்கிறது என்பதால் இரண்டு உணர்ச்சிகளும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதி சாப்பாட்டுக்கும் விழிக்கும், சூதாட்டத்துக்கும் விழிக்கும். ஆனாலும் ஏங்குவதும் மகிழ்வதும் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன என்ற அளவுக்காவது நம்பலாம். இறந்த பாடகரின் பாட்டைப் போட்டால் அழுகையும் ஆட்டமும் சேர்ந்து வருவது அப்போது அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது. அவர் வேண்டும் என்ற ஏக்கத்தைக் கிளப்புவதும் அந்தக் குரல், அதற்குக் கொஞ்சம் தீனி போடுவதும் அதே குரல்.

ஸ்டாக்ஸ் கொட்டகையில் அந்த டிசம்பரில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. விபத்து நடந்த கையோடு, நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் கம்பெனி அடுத்த இசைத்தட்டு உடனே வேண்டும் என்று அவசரப்படுத்தியது. கிராப்பர் நண்பனின் குரல் பதிந்த டேப்பை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குரல் எவ்வளவு உரக்க, கிடார் எவ்வளவு அடங்கி என்று முடிவு செய்தார். கடலலைச் சத்தத்தையும் கடற்காகங்களின் கூவலையும் வேறொரு இடத்திலிருந்து வாங்கிவந்து சேர்த்தார். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் சாசலிட்டோவில், ஒரு படகு வீட்டில் அந்த ஆகஸ்டில் தங்கியிருந்தபோதுதான் ஓடிஸ் இந்தப் பாட்டை ஆரம்பித்திருந்தார். வணிக அவசரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் எழுதியது வேறொரு கோணத்தைத் தருகிறது. துக்கப்படுபவர் இழப்பிலேயே மூழ்கியும் இருப்பதில்லை, அதை விட்டு ஒரேயடியாக வெளியேறுவதும் இல்லை. இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள் அவர்கள். கிராப்பருக்கு இழப்பும் வேலையும் ஒரே டேப்பில் இருந்தன.

துக்கத்தைப் பற்றிய பழைய பாடம் வேறு. 1917-ல் ஃபிராய்ட் எழுதியதன்படி, இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை. 1996-ல் டென்னிஸ் கிளாஸும் அவருடைய சகாக்களும் அதை மறுத்தார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்களும் இறந்தவரோடு உறவை அறுப்பதில்லை, அதன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறார்கள் என்று காட்டினார்கள். படத்துக்கு விளக்கேற்றி, திதி கொடுத்து, நல்லது கெட்டதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யும் நமக்கு இதில் புதுமை இல்லை. ரசிகனின் நிலைமை இன்னும் சுலபம். நேரில் பழகியவர் போய்விட்டால் அவர் உட்கார்ந்த நாற்காலி காலியாகிவிடும். எனக்கோ ஓடிஸ் எப்போதும் ஒலியாக மட்டுமே இருந்தார், இன்னும் அப்படியே இருக்கிறார். நான் இழந்தது அவர் பாடியிருக்கக்கூடிய பாட்டுகளை. 26 வயதில் நடையை மாற்றத் தொடங்கிய ஒருவர் 40 வயதில் என்ன பாடியிருப்பார் என்று யோசிக்கும்போதுதான் உண்மையிலேயே வலிக்கிறது.

பாட்டு 1968 ஜனவரி 8 அன்று வெளியானது. மார்ச் 16 அன்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கேயே நின்றது. பாடியவர் இறந்தபின் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான். அது உச்சத்தில் இருந்த நாட்களில், ஏப்ரல் 4 அன்று, அதே மெம்ஃபிஸில் லொரெய்ன் விடுதி மாடத்தில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்டாக்ஸ் கலைஞர்கள் அறை எடுத்து உட்கார்ந்து பாட்டு எழுதும் விடுதி அது. கறுப்பரும் வெள்ளையரும் சகஜமாகச் சேர்ந்து வாசித்த அந்தக் கொட்டகையின் காற்று அதற்குப் பிறகு பழையபடி இல்லை என்று அங்கிருந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். 1999-ல் ஒரு காப்புரிமை அமைப்பு எடுத்த கணக்கில், 20-ம் நூற்றாண்டில் அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிகளில் அதிகம் ஒலித்த பாட்டுகளில் இதற்கு ஆறாவது இடம், சுமார் 60 லட்சம் ஒலிபரப்புகள்.

இத்தனை தடவை கேட்டபின் ஒரு பாட்டில் மூளைக்கு எதிர்பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். எதிர்பார்த்தது அப்படியே வந்தால் டோபமைன் அவ்வளவாகத் துள்ளாது, எதிர்பார்த்ததைவிட நல்லது வந்தால் அதிகம் துள்ளும். அதனால்தான் ரசிகர்கள் ஒதுக்கிப் போட்ட ஒலிப்பதிவுகளைத் தேடி அலைகிறார்கள். தெரிந்த பாட்டு, தெரிந்த குரல், ஆனால் அடுத்த நொடி தெரியாது. ஓடிஸ் அன்று மெம்ஃபிஸில் பாடிப் பார்த்த முந்தைய பதிவுகள் 1992-ல் ஒரு தொகுப்பில் வெளியாயின. 'டாக்' பாட்டின் அந்தப் பதிவில் கிராப்பர் வாங்கிவந்த பறவைகள் கிடையாது. பாட்டு தொடங்குமுன் ஓடிஸே கடற்காகம் மாதிரி கூவிக் காட்டுகிறார், இந்த இடத்தில் இப்படி ஒரு சத்தம் வரவேண்டும் என்று. கூவல் படுமோசம். கடற்காகத்தை விடுங்கள், கோழிக்குக்கூட அது பொருந்தாது.